நிமிர்தலும் நடத்தலும்: யாழ்ப்பாணத்தில் உடல் பழகிய வரலாறு பற்றிய சில குறிப்புகள்

யாழ்ப்பாணத்தின் வரலாற்றை ஆராய்ந்தோர் ஆட்சி மாற்றங்களையும் நிலவுடைமையையும் கல்வி வளர்ச்சியையும் விரிவாக எழுதியுள்ளனர். ஆயின் இம்மண்ணிலே மக்கள் எவ்வாறு நின்றனர், எவ்வாறு இருந்தனர், எவ்வாறு நடந்தனர் என்பது வரலாற்றுக்குரிய பொருளாகக் கொள்ளப்பட்டமை அரிது. நிற்பதும் நடப்பதும் இயல்பாக வருவன, அவற்றுக்கு வரலாறு ஏது என்று வினவத் தோன்றும். குழந்தை தவழ்ந்து எழுந்து நடப்பதை எவரும் பாடமாகச் சொல்லிக் கொடுப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் அதற்குப் பின்னர் அவ்வுடலுக்குச் சமூகம் கற்பிப்பவை பல. யார் முன்னிலையில் சால்வை தோளில் இருக்கலாம், யார் முன்னிலையில் அது இடுப்புக்கு இறங்க வேண்டும், யார் வீட்டுத் திண்ணையில் இருக்கலாம், யார் முற்றத்தில் நின்றே பேச வேண்டும் என்பன எந்த நூலிலும் எழுதப்படாமல் முதுகெலும்பில் எழுதப்பட்ட பாடங்கள். கூனி நிற்றல் சிலருக்கு நோயாகவும் சிலருக்குக் கடமையாகவும் இருந்த நாடு இது.

இக்கட்டுரை அப்பெரும் பொருள் முழுவதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் மற்றொருவரின் அருகிருந்து, அவர் உடலைப் பார்த்தும் தொட்டும் திருத்தி, நிற்கவும் அசையவும் பழக்கும் முறை ஒன்று எம்மிடையே இருந்து வந்துள்ளது. கூட்டமாக நிறுத்திக் கட்டளையிட்டுப் பழக்கும் முறையும் உண்டு. இவ்விரண்டும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே எவ்வாறு இயங்கின என்பதே ஈண்டு நோக்கப்படுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலிருந்து தமிழில் மேனாட்டு வைத்தியம் கற்பித்தமையை யாவரும் அறிவர். அவர் தம் மாணவரின் துணையுடன் தமிழாக்கிய நூல்களுள் ஒன்று கல்வின் கட்டர் என்னும் அமெரிக்கர் எழுதிய உடற்கூற்று, சுகாதாரப் பாடநூல். அந்நூல் எலும்பையும் தசையையும் வருணிப்பதோடு நின்றுவிடுவதன்று. பிள்ளைகள் வாங்கில் இருக்கும்போது கால் நிலத்திற் படவேண்டும், முதுகு வளைந்திருப்பின் முள்ளந்தண்டு கோணும், நெஞ்சு ஒடுங்கினால் மூச்சு ஒடுங்கும் என்றெல்லாம் கூறுவது. பனையோலையும் எழுத்தாணியும் புழங்கிய நாட்டில், மடித்த கால்மேல் ஏடு வைத்துக் குனிந்து எழுதிய மாணவரிடையே, இருக்கை முறை ஒரு விஞ்ஞானப் பொருளாக வந்து சேர்ந்தது அவ்வாறுதான்.

ஆனால் அந்த வாங்கில் இருக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிமை இருந்ததா? 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கப்பட வேண்டும் என்ற விதி வந்தபோது குடாநாட்டில் எழுந்த எதிர்ப்பு, அதுவரை பல பிள்ளைகள் நிலத்திலே இருத்தப்பட்டனர் என்பதற்குப் போதிய சான்றாகும். வாங்கில் எவ்வாறு இருப்பது உடலுக்கு நன்று என்று புத்தகம் சொல்லிக்கொண்டிருக்க, அவ்வாங்கிற்காக அடுத்த நூற்றாண்டிலும் ஒரு போராட்டம் வேண்டியிருந்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் அப்போராட்டத்திற் சமத்துவத்தின் பக்கம் நின்றமை அவர்தம் வரலாற்றில் மதிக்கத்தக்க பகுதி.

ஆங்கிலப் பாடசாலைகள் கொண்டுவந்த மற்றொன்று தேகப்பயிற்சி. வரிசையில் நிறுத்தி, நெஞ்சை நிமிர்த்து, நாடியை உள்ளிழு என்று கட்டளையிடும் அம்முறை இன்றும் எமக்குப் பழக்கமானதே. ஐம்பது பிள்ளைகளுக்கு ஒரு கட்டளை போதும். அதுவே அதன் வசதி. அவ்வைம்பது பேரின் முதுகுகளும் ஐம்பது வகையின என்பது அதன் குறை.

இனி, பாடசாலைக்கு வெளியே நிகழ்ந்த கற்பித்தலைப் பார்ப்போம். தோட்டக் கிணற்றின் துலாவின்மேல் முன்னும் பின்னுமாக நடந்து நீரிறைக்க உதவிய துலாமிதிப்பாரை நீர்ப்பம்பிகள் பரவுவதற்கு முன் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்கள் எங்கும் காணலாம். ஒடுங்கிய மரத்தின்மேல், கீழே ஆழ்கிணறு இருக்க, தாழ்ந்து உயரும் துலாவோடு உடல் நிறையை மாற்றி நடக்கும் அவ்வித்தை தந்தையோ தமையனோ அருகிருந்து பழக்கியது. தளநாரைக் காலில் மாட்டிப் பனையேறுவோரின் வித்தையும் அத்தகையதே. ஒரு கைத்தவறு உயிரைக் கொள்ளும் தொழில் இது. ஆதலால் அங்கே கட்டளைக்கும் கூட்டத்துக்கும் இடமில்லை. எங்கே கையை இறுக்குவது என்பதைவிட எங்கே இறுக்காமல் விடுவது என்பதே அதிற் பெரிய பாடம். இத்தொழில்களைச் செய்தோரைச் சமூகம் எவ்விடத்தில் வைத்தது என்பதும், அவர்தம் அறிவை அறிவென்று எவரும் ஏட்டில் எழுதாமைக்குக் காரணம் யாது என்பதும் வாசகர் எளிதிற் புரிந்துகொள்ளக்கூடியவை.

கூத்து மரபுக்கு வருவோம். இங்கே சற்று விரித்துரைத்தல் வேண்டும். வட்டுக்கோட்டை முதலிய இடங்களில் வடமோடிக் கூத்தும், கத்தோலிக்க மக்கள் வாழும் கரையோரங்களில் தென்மோடி சார்ந்த கூத்தும் ஆடப்பட்டு வந்தன. இவற்றைப் பழக்குபவர் அண்ணாவியார். அவர் கூத்தரைத் தெரிவதே உடலையும் குரலையும் பார்த்துத்தான். ஒருவன் நிற்கும் நிலையைக் கண்டு இவன் அரசன், இவன் கட்டியகாரன் என்று தீர்மானிப்பார். பின்னர் பாட்டையும் தாளக்கட்டையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிக் கொடுப்பார். மாதக்கணக்கில் இரவுகளில் நடக்கும் அப்பழக்கத்திற் பலர் கூடியிருப்பினும், மிதி பிழைக்கும் காலை அண்ணாவியார் தம் காலால் மிதித்துக் காட்டித் திருத்துவது அந்த ஒருவனுக்கே. மற்றையோர் பார்த்திருப்பர்; பார்த்திருத்தலும் அம்முறையிற் கற்றலே.

வடமோடியில் அரச பாத்திரங்கள் அணியும் உடுப்புப் பாரமானது. தலையிற் கிரீடமும் தோளிற் புஜக்கட்டும் இடுப்பிற் கரப்புடுப்பும் தாங்கி விடியுமட்டும் ஆட வேண்டும். கழுத்தை முன்னே நீட்டியோ பின்னே மடக்கியோ ஆடுபவனுக்கு அக்கிரீடமே தண்டனை. பிடரியை இறுக்காது தலையைச் சமன்செய்து நிற்பவனே விடியற்காலை வரவிலும் முதல் வரவின் மிடுக்கோடு ஆட வல்லவன். அத்துடன் அவன் ஆடிக்கொண்டே பாடவும் வேண்டும். ஒலிபெருக்கி வருமுன் திறந்த வெளியிலே கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடியவர்கள் இவர்கள். ஒரு அடியைப் பாடி முடித்ததும் பிற்பாட்டுக்காரர் அதனை ஏற்றுப் பாட, அந்த இடைவெளியிற் கூத்தன் ஆடி மூச்சையும் மீட்டுக்கொள்கின்றான். குரல், மூச்சு, முதுகு, மிதி ஆகிய நான்கையும் வேறுவேறாகப் பிரித்துக் கற்பிக்கும் எண்ணமே அண்ணாவி மரபில் இல்லை என்பது அவதானிக்கத்தக்கது. இசைநாடக மரபிலும் இதனைக் காணலாம். காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து (1924–1989) 'மயான காண்டம்' நாடகத்தில் அரிச்சந்திரனாக நின்று பாடியதைக் கேட்டோர் அவர் குரலின் உச்சத்தைப் புகழ்வர். அவ்வுச்சத்தைத் தாங்கியது குரல்வளை மட்டுமன்று என்பது எம் கருத்து.

இவ்விடத்தில் உலகின் மறுகோடியில் நிகழ்ந்த ஒன்றை ஒப்புநோக்குதல் பயன்தரும். அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாத் தீவில் 1869இல் பிறந்த பிரெடெரிக் மத்தையஸ் அலெக்சாந்தர் என்பார் மேடையில் சேக்ஸ்பியரின் பகுதிகளை ஒப்புவிக்கும் கலைஞர். அவருக்கு மேடையிலே குரல் கம்மத் தொடங்கியது. வைத்தியர் சொற்படி ஓய்வெடுத்தால் குரல் மீளும். மேடையேறினால் மீண்டும் கம்மும். ஆயின் குரலுக்குக் கேடு செய்வது மேடையில் யான் செய்யும் ஏதோ ஒன்றேயாதல் வேண்டும் என்று அவர் துணிந்தார். கண்ணாடிகளை நிறுத்தி அவற்றின் முன் நின்று பேசிப் பார்த்தார். பேச வாயெடுத்தவுடன் தலையைப் பின்னே இழுப்பதையும், குரல்வளையை அழுத்துவதையும், மூச்சை வாயால் உறிஞ்சுவதையும் கண்டார்.

கண்டதோடு பிணி தீர்ந்ததா என்றால், இல்லை. தலையை முன்னும் மேலுமாகச் செலுத்துவதாக எண்ணிக்கொண்டு அவர் நின்ற வேளையிலும் கண்ணாடி அவர் தலையைப் பின்னிழுப்பதையே காட்டியது. பழகிய பிழை சரியென்றும் பழகாத சரி பிழையென்றும் உடலுக்குத் தோன்றும் என்பதே அவர் அடைந்த பெரும் தெளிவு. நிமிர்ந்து நில் என்ற கட்டளை பயன்படாமைக்குக் காரணமும் இதுவே. கூனுபவன் தன்னை நிமிர்ந்தவனாகவே உணர்கின்றான். கட்டளை கேட்டவுடன் அவன் செய்வது கூனலின்மேல் ஒரு விறைப்பை ஏற்றுவதுதான். ஆதலால் அலெக்சாந்தர் வேறு வழி கண்டார். எழ வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடன் எழுந்துவிடாது, பழைய வழக்கிற்கு இடங்கொடாமல் ஒரு கணம் நிறுத்துதல், கழுத்து இறுகாதிருக்க எண்ணுதல், பின்னர் எழுதல். தன் உணர்வை நம்ப முடியாத மாணவனுக்கு ஆசிரியரின் கை வேண்டும். கதிரையிலிருந்து எழுவது, மீண்டும் இருப்பது ஆகிய எளிய அசைவுகளின்போது ஆசிரியர் கழுத்திலும் முதுகிலும் மெல்லக் கைவைத்து வழிகாட்டுவார். ஆகவே பாடம் ஒருவருக்கு ஒருவராகவே நடந்தது.

அவர் 1904இல் இலண்டன் சென்றார். அங்கு அவரிடம் கற்றோருள் நாடகாசிரியர் பேணாட் ஷாவும் நாவலாசிரியர் அல்டஸ் ஹக்ஸ்லியும் அடங்குவர். அமெரிக்க மெய்யியலாளரும் கல்வியியலாளருமான ஜோன் டூயி அவரது நூல்களுக்கு முன்னுரை எழுதினார். டூயியின் கல்விக் கொள்கையைப் பரீட்சைக்காகப் படிக்கும் எம்மவர், அவர் தாமே கதிரையில் இருக்கவும் எழவும் பாடம் கேட்டவர் என்பதை அறிந்தால் வியப்பர். பாடசாலைகளிற் கூட்டமாக நடத்தப்படும் தேகப்பயிற்சியை அலெக்சாந்தர் 1910இல் வெளிவந்த தம் முதல் நூலிலேயே கண்டித்தார். 1955இல் அவர் மறைந்த பின்னும் இம்முறை நிலைத்தது. 1973இல் நோபல் பரிசு பெற்ற விலங்கியலாளர் நிக்கோ ரின்பேர்கன் தம் பரிசுரையில் ஒரு பகுதியை இதற்கே ஒதுக்கினார். 2008இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று, நாட்பட்ட நாரிநோவுடைய 579 பேரைக் கொண்டு நடத்தப்பட்டது. இருபத்துநான்கு தனிப்பாடங்கள் பெற்றோர் ஓராண்டின் பின் நான்கு வாரங்களில் ஏறத்தாழ மூன்று நாட்களே நோவுற்றிருக்க, வழமையான சிகிச்சை மட்டும் பெற்றோர் இருபத்தொரு நாட்கள் நோவுற்றிருந்தனர். நாரிப்பிடிப்பை ஊழ்வினையாகக் கருதும் எம் ஊரவருக்கு இது சிந்திக்கத்தக்க கணக்கு.

அண்ணாவியார் அலெக்சாந்தரின் வழி கற்பித்தார் என்று சொல்ல வரவில்லை. எல்லாம் எம்மிடம் முன்பே இருந்தன என்னும் வீண்பெருமை ஆராய்ச்சிக்கு ஆகாது. ஒரு வேறுபாடு முக்கியமானது. அலெக்சாந்தர் மாணவனின் பழக்கத்தை முதலில் அவிழ்க்க முயன்றார். அண்ணாவியார் ஒரு பாத்திரத்தின் உடலை மாணவன்மேல் ஏற்றினார். முன்னையது ஒழித்தல், பின்னையது ஊட்டல். ஆயினும் இருவரும் ஒரே உண்மையிலிருந்து தொடங்கினர். குரலின் குறை கழுத்திலும், கழுத்தின் குறை காலிலும் இருக்கக்கூடும். அதனை அருகிருந்து பார்ப்பவரே காண்பர்.

1960களிற் கூத்துப் பல்கலைக்கழகத்துள் நுழைந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) ஆகியவற்றை மேடையேற்றினார். வித்தியானந்தன் யாழ்ப்பாணத்தவராயினும், அவர் தயாரிப்புகளுக்கு மூலமாக அமைந்தது மட்டக்களப்பு மரபே. 'கர்ணன் போர்' கூத்தில் மாணவரைப் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். விரிவுரை மண்டபத்தில் குறிப்பெடுத்துப் பழகிய மாணவர் ஒரு கிராமத்துக் கலைஞரின் முன் காலைத் தூக்கிப் பிழைவிட்டு நின்ற அக்காட்சி எமது பல்கலைக்கழக வரலாற்றில் ஒரு திருப்பம் என்றே கூறல் வேண்டும். விடிய விடிய நடந்த கூத்து இரண்டு மணி நேர அளவினதாகச் சுருங்கியது. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. இம்மாற்றத்தின் நன்மை தீமை பற்றி விமர்சகர் பலவாறு எழுதியுள்ளனர். உடலின் பக்கமிருந்து நோக்கின் ஒன்று புலப்படும். வட்டக்களரியிற் கூத்தனுக்கு முதுகு என்ற மறைவிடம் இல்லை. நாற்புறமும் மக்கள் இருப்பதால் முதுகும் பிடரியும் நடித்தே ஆக வேண்டும். படச்சட்ட மேடையிலோ முகப்பக்கம் மட்டுமே கண்ணிற் படும். ஒருபக்க உடல் தோன்றியது அங்கேதான்.

1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடக்கினார். வசனம் மனனஞ் செய்வதற்கு முன் உடலைத் தளர்த்துதல், மூச்சுப் பழகுதல் ஆகிய களப்பயிற்சிகளுக்கு அங்கே இடமிருந்தது. நடிகனின் உடலே முதற் கருவி என்ற எண்ணம் குடாநாட்டுப் பாடசாலை நாடகத்துக்கும் அதன் வழியே சென்றது.

நடனத்தைப் பொறுத்தவரை சில சொற்களே கூறுவோம். கோயில்களில் ஆடிய சின்னமேளக்காரரைச் சைவச் சீர்திருத்தம் வெளியேற்றியது. நாவலர் அதனை வெளிப்படையாகவே கண்டித்தவர். அப்பெண்களின் ஒழுக்கம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் அவர்தம் உடலறிவு பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. பின்னர் தமிழ்நாட்டு நட்டுவனார்களிடமும் அவர்தம் மாணாக்கரிடமும் கற்று வந்த பரதம், வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளாகவும், 1960இல் மருதனார்மடத்தில் எழுந்து 1975இல் பல்கலைக்கழகத்துடன் இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகத்தின் பாடமாகவும் வளர்ந்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளையும் கற்க முடிந்தது என்பது பெரும் பேறு. அரைமண்டியில் நாற்பது பேர் நிற்கும் வகுப்பில், ஒரு பிள்ளையின் முழங்கால் பாதத்தின் திசைக்கு நேராக மடிகிறதா என்று பார்க்க ஓர் ஆசிரியைக்கு எத்தனை கண் வேண்டும் என்பது மறுபக்கம். முழங்கால் நோவுடன் அரங்கேற்றம் காணும் இளையோர் இன்று அருமையல்லர்.

போர்க்காலம் இப்பொருளுக்கு வேறு முகத்தைத் தந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓர் இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தமை எங்கள் பெற்றோர் தலைமுறையின் கால்களில் உள்ள வரலாறு. அந்நடைக்கு முன்னும் பின்னும் எறிகணையாலும் மிதிவெடியாலும் காலிழந்தோர் பலர். அவர்களுக்கு நடத்தல் மீண்டும் ஒரு பாடமாயிற்று.

1960களின் பிற்பகுதியில் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் அறுவை வைத்தியர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் சேர்ந்து றப்பர்ப் பாதம் ஒன்றை உருவாக்கினர். மேனாட்டுப் பொய்க்கால் சப்பாத்துக்குள் மறைந்திருக்கும்படி அமைந்தது. கதிரையில் இருந்து, சமதரையில் நடப்பவனை எண்ணிச் செய்யப்பட்டது. சம்மணமிட்டு உண்ணும், குந்தியிருந்து வேலை செய்யும், வெறுங்காலோடு வயலிலும் கோயிலிலும் நடக்கும் மனிதனுக்கு அது உதவவில்லை. பல இந்திய நோயாளர் அதனைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்பினர். ஜெய்ப்பூர்ப் பாதம் வெறுங்காலின் வடிவும் வளைவும் உடையது, நீருக்கு அஞ்சாதது. படிப்பு அதிகமில்லாத சர்மாவின் கை இதில் ஆற்றிய பங்கைப் பட்டம் பெற்றோர் நினைவிற்கொள்ளல் நன்று.

1987இல் யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் முறைக்குரிய நிலையம் தொடக்கப்பட்டது. போரின் ஊடாகவும் அதன் பின்னரும் அது இயங்கி வந்துள்ளது. செயற்கைக் கால் செய்வது வேலையின் பாதியே. மீதிப் பாதி நடைப் பயிற்சி. அது கூட்டமாகச் செய்யக்கூடியதன்று. வெட்டப்பட்ட இடமும் எஞ்சிய காலின் நீளமும் ஆளுக்கு ஆள் வேறு, அச்சமும் வேறு. இருபுறக் கைப்பிடிச் சட்டங்களுக்கு நடுவே பயில்பவரை நிறுத்தி, பயிற்றுநர் இடுப்பில் கைவைத்து, நிறையைப் புதிய காலுக்கு மாற்றச் சொல்வார். மாற்றிவிட்டேன் என்பார் பயில்பவர். எதிரே உள்ள கண்ணாடியில் உடல் இன்னும் நல்ல காலின் பக்கமே சாய்ந்திருக்கும். மேடைக் கலைஞர் அலெக்சாந்தர் தம் அறையிற் கண்ட அதே வஞ்சனை இது. இழந்த காலின் நினைவு உடலில் இருக்க, சரிந்து நிற்பதே நேராகத் தோன்றும். கண்ணாடியும் பிறர் கையும் இல்லாமல் அவர் நேரான நிலையை அறிய வழியில்லை. ஆகையால் முதற் பாடம் நடையன்று. நிலத்தைப் பாராமல் நிற்றல். காலைப் பார்த்து நடப்பவரின் தலை தாழும். தலை தாழ்ந்தால் முதுகு வளையும். வளைந்த முதுகு பொய்க்காலைப் பாரமாக்கும். பிறகு நிறைமாற்றம், ஓரடி, சமனான அடிநீளம், திரும்புதல், படியேறல் என்று நாட்கள் செல்லும். பார்த்து விழுந்துவிடாமல் இருப்பதற்கும், விழுந்தால் எழும்புவதற்கும் தனித்தனிப் பாடம் உண்டு.

சமூகம் சிலரைக் கூனி நிற்கப் பழக்கிய மண்ணிலே, எறிகணை வேறு சிலரைச் சாய்ந்து நிற்கப் பழக்கியது. முன்னதை நிமிர்த்தச் சட்டமும் போராட்டமும் வேண்டியிருந்தன. பின்னதற்கு இடுப்பிற் கைவைத்து நாட்கணக்கில் அருகே நிற்கும் ஒருவர் வேண்டும். இத்தகைய பயிற்றுநர்க்குரிய கல்வி, ஊதியம், எண்ணிக்கை ஆகியவை பற்றி எம் பல்கலைக்கழகச் சமூகம் பேசியது சொற்பம். கலைப்பீட மாணவர் நாடகத்துக்கு அண்ணாவியாரைத் தேடுவதுபோல இங்கும் தேடிச் சென்று கேட்டு எழுதக்கூடியவை நிறைய உள. போர் முடிந்து பல ஆண்டுகள் சென்றும், 1990களிற் பொருத்திய கால் தேய்ந்து புதிய கால் பெறுவோர் மீண்டும் அச்சட்டங்களின் நடுவே நிற்கின்றனர். வயது ஏறிவிட்டது, உடல் நிறை கூடியுள்ளது, முன்பு படித்த நடை புதிய காலுக்குப் பொருந்துவதில்லை. பயிற்றுநர் மறுபடியும் முதற் பாடத்திலிருந்தே தொடங்குகின்றார்.